உன் ஸ்டோரில் என் முதல் மூன்று லோடு

சீனிக்குட்டி,

இப்படி உன்னைக் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாய் என்று தெரியும். போன ஆடிக் காற்றில், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து, தோட்டத்து ஆட்கள் தங்குகிற லயத்து வீட்டுக்குச் சாப்பிட நடந்து வந்த உன்மேல் நிழல்மரத்துக் கிளை முறிந்து விழுந்தது. உனக்கு இருபத்தொன்பது வயது. அந்த இடத்தை இப்போது நான் தினமும் இரண்டு தடவை கடக்கிறேன். முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன். இப்போது நிமிர்ந்து மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன், மேலே இன்னும் எத்தனை கிளை பாக்கி இருக்கிறது என்று. அழுவதற்காக இதை எழுதவில்லை. அழுது அலுத்துவிட்டது. ஐந்தாவதோடு நின்ற உன் ஆத்தாவின் கை, எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். நீ பார்த்த சோலியை இப்போது நான் பார்க்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நானாகத் தேடிப்போன சோலி இல்லை அது. என் முழங்கால்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. சிலமலையில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, தோட்டத்தில் இறங்கி, ஏலச்செடியின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்து தரையில் கிடக்கும் சரத்திலிருந்து காய் எடுக்கிற வேலையை முப்பது வருஷம் பார்த்துவிட்டேன். வைகாசியில் ஒருநாள் செடிக்கடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. நம் ஊர்ப் பேச்சி, இருபது வருஷமாக என்னோடு ஒரே ஜீப்பில் இடித்துக்கொண்டு வருகிறவள், அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "அக்கா, இனிமே ஒன்னைய எறக்கிவிட ஒரு ஆளு, தூக்கிவிட ஒரு ஆளுன்னு முதலாளி ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்கணும்" என்றாள். சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய் இனி என்னால் முடியாது, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பிறகு வந்த உலர்த்துகிற ஆள் மலையாளத்துப் பக்கத்துக்காரன்; தை மாதம் முடிந்ததும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். "ஏம்மா, ஸ்டோரப் பாத்துக்கிறியா?" என்று முதலாளி கேட்டார்.

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பெண்கள் ஸ்டோருக்குள் போனால் காயின் பச்சை போய்விடும் என்று நான் முதன்முதலாக மலையேறின நாளிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காய் மூட்டையை வாசலில் இறக்கி வைப்போம், ஆம்பிளை ஆள் உள்ளே எடுத்துக்கொண்டு போவார். முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. அதைச் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சும்மா. எனக்கு ஆள் கெடைக்கல, காய் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்றார். என் திறமையைப் பார்த்துக் கூப்பிடவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டோரில் மூன்று தடவை காய் ஏற்றி இறக்கு, அந்த மூன்று லோடையும் பார்ப்பேன், சரியாக வந்தால் இந்த சீசன் முழுக்க நீ இரு, வராவிட்டால் கீழேயிருந்து ஒரு ஆளைக் கொண்டுவர வேண்டியதுதான் என்றார். முகத்துக்கு நேரே சொன்னதால் எனக்கு அவர்மேல் வருத்தமில்லை.

எனக்கு அது வேண்டும் என்று ஏன் தோன்றியது தெரியுமா? வீட்டில் பகல் முழுக்க உட்கார முடியாது, சீனி. உன் அய்யா விடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். பிறகு நானும் உன் சட்டைகள் தொங்குகிற கொடியும்தான். அதை எடுத்து மடித்து வைக்கவும் மனசு வரவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. மலைக்கு வந்தால் உடம்பு வலிக்கிறது, அந்த வலியில் பொழுது போய்விடுகிறது. அந்தப் பிழைப்பும் இல்லையென்றால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. ராத்திரி மலையிலேயே தங்க வேண்டியிருக்கும் என்று உன் அய்யாவிடம் சொன்னேன். மறுநாள் காலை பார்த்தால் என் பையில் கம்பளியும் டார்ச் லைட்டும் வைத்திருந்தார். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டிருந்தார்.

மேலே சொல்லுமுன் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ இந்தச் சோலிக்கு வந்தபோது நான் உன்னை என்ன பாடு படுத்தினேன். ஃபிட்டர் படித்து, ஓசூர் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, அந்தக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று வந்து நின்றாய். படிச்ச பிள்ளை அடுப்பு எரிக்க வந்திருக்கு என்று ஜீப்பில் வருகிறவர்களிடமெல்லாம் நானே முந்திக்கொண்டு சொன்னேன். மற்றவர்கள் சொல்லுமுன் நான் சொல்லிவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்று ஒரு கணக்கு. முதல் மாதம் ஏதோ ஒரு லோடில் குறை என்று முதலாளி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த நான் நடுவில் புகுந்து, "இவனுக்கு இது கைவராதுங்க, நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன். உன்னைத் திரும்பக் கம்பெனிக்கு அனுப்ப அது ஒரு வழி என்று நினைத்தேன். நீ துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாய். கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாய். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "என்னையப் பத்தி எங்கிட்டச் சொல்லு ஆத்தா, திட்டு, அடி. அவுகட்டச் சொல்லாத" என்றாய். நான் குழம்பு ஊற்றியிருப்பேன்.

இனி என் முதல் லோடு. முதலாளி அரை நாள் கூட நின்று சொல்லிக்கொடுத்தார். வெளியே அடுப்பு வாய், விறகு எரிந்தால் சூடு குழாய் வழியாக உள்ளே போகும், தட்டுத்தட்டாகப் பச்சைக் காய் பரப்பியிருக்கும். முதலில் இளஞ்சூடு, காய்க்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாக வரும், அது வெளியே போகக் கூரையில் இருக்கிற ஒரு பலகையை உள்ளே நின்று கயிற்றால் இழுத்துத் திறந்துவிட வேண்டும். ஆவி அடங்கின பிறகு பலகையை மூடிச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். சுவரில் சூடு காட்டுகிற மீட்டர் இருக்கிறது. இவ்வளவுதான் சோலி என்றார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். காலையில் காயை ஏற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் ஜீப் ஏறிப் போன சத்தம் அடங்கியதும் நான் கதவுக்குப் போனேன்.

கதவைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். அடுப்புக்கு வந்தேன். உள்ளே காய் கருகுகிறதோ என்று சந்தேகம். மறுபடி திறந்தேன். நன்றாகத்தான் இருந்தது. மூடினேன். மீட்டர் இறங்கியிருந்தது, கதவு திறந்தால் சூடு வெளியே போகும் என்பது அடுப்பில் சோறு வடிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கு அந்த நேரம் தெரியவில்லை. ஐயோ, சூடு போதவில்லை என்று இன்னும் இரண்டு கட்டை செருகினேன். சூடு எகிறியது. பயந்து கதவைத் திறந்தேன். பேச்சி மதியம் மூட்டையோடு வந்தவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "புதுப்பொண்ணு பால் காய்ச்ச வச்ச மாதிரி இந்தா எட்டிப் பாக்குற, அந்தா எட்டிப் பாக்குற. காய்க்கே வெக்கமா இருக்கும்க்கா" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை தட்டை இழுத்துப் பார்த்தால் காய் வெளுத்துப்போய் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. பாதிக் காய் வாயைப் பிளந்து விதை தெரிந்தது. பெண் உள்ளே போனால் பச்சை போய்விடும் என்று சொன்னார்களே, சரிதானே என்று முதலில் அதைத்தான் நினைத்தேன்.

முதலாளி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இன்னும் ரெண்டு இருக்கு" என்றார், போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என் நாக்கு நுனிவரை வந்தது, "எனக்கு இது கைவராதுங்க, வேற ஆளப் பாத்துக்கங்க" என்று. அப்போதுதான் அந்த வார்த்தை எங்கே கேட்டது என்று யோசித்தேன். எங்கேயும் கேட்கவில்லை. என் வாயிலிருந்து உன்மேல் போன வார்த்தை அது.

இரண்டாவது லோடுக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். திறந்து திறந்து பார்த்ததால்தானே கெட்டது? இந்தத் தடவை திறக்கவே கூடாது. என் கையை நானே நம்பாததால், காயை ஏற்றி, சூடு வெளியே போய்விடக் கூடாதென்று மேலே இருக்கிற பலகையையும் மூடிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைப் பேச்சியிடம் கொடுத்துவிட்டேன். "நான் கெஞ்சுனாலும் குடுக்காத, மூணு மணிக்குக் கொண்டா" என்றேன். அவள் சாவியை மாராப்பில் முடிந்துகொண்டு சரிவில் இறங்கிவிட்டாள். ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது. பிறகு கதவு இடுக்கில் தண்ணீர் கசிந்து வழிந்தது. தொட்டுப் பார்த்தேன், சுடுதண்ணீர். உள்ளே ஆவி போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. பலகையைத் திறக்க வேண்டும், கயிறு உள்ளே, சாவி சரிவில். கூப்பிட்டேன். மழை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இறங்கிப் போகலாம் என்றால் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஈர மண்ணில் எங்கே இறங்குவது? அடுப்புக் கட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பேச்சி சொன்ன நேரத்துக்கு வந்து திறந்தாள். காய் பழுப்பேறி, நெல் அவித்த மாதிரி வாசனை வந்தது. "நீ பூட்டச் சொன்ன, பூட்டுனேன். அவிக்கச் சொன்னது எனக்குத் தெரியாது" என்றாள். அவளுக்கு வாய் அப்படி. ஆனால் முகம் செத்துப் போயிருந்தது.

அன்றைக்கு நான் உடைந்துவிட்டேன். நாளைக்கு ஜீப்பில் இறங்கிவிடுகிறேன், மூன்றாவது லோடை யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். எங்க சீனி பொறக்கும்போதே இந்தக் கைப்பக்குவத்தோடு பொறந்தவன், அவன் உட்கார்ந்த எடத்துல நான் போய் உட்கார்ந்தது தப்பு என்றேன். பேச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"யாரு, ஒம் மகனா?" என்றாள். "நாலு லோடு கெடுத்தான்க்கா. முத மாசத்துல நாலு. ஒனக்குத் தெரிஞ்சது ஒண்ணு."

நீ விறகு அடுக்குக்குப் பின்னால் குத்தவைத்து வாந்தி எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டிருக்கிறாள். காய்ச்சல் இல்லை, பயம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்து உன்னோடு உட்கார்ந்திருக்கிறாள். தினமும் ஏற்றுகிற நேரத்துக்கு உனக்குக் கை நடுங்குமாம். அதை ஆத்தாகிட்டச் சொல்லிராதீக அத்தை என்று கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாய். ஏன்டா சொல்லக் கூடாது, பெத்தவதானே என்று அவள் கேட்டதற்கு நீ சொன்னதை அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "சொன்னா, ஆத்தா சொன்னது சரின்னு ஆயிரும் அத்தை."

நான் அவளோடு சண்டை போட்டேன். என் பிள்ளை ஸ்டோருக்கு வந்ததிலிருந்து ஏழெட்டு வருஷம் என்னோடு ஒரே ஜீப்பில் வந்து, ஒரே வெற்றிலையைக் கிள்ளித் தின்றுகொண்டு, இதை மறைத்திருக்கிறாயே என்று. சண்டை யாரோடு என்று அவளுக்கும் தெரியும். என் பிள்ளை பயப்படுவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்திருக்கிறது. பெற்ற வீட்டில் அந்த இடம் இல்லை, விறகு அடுக்குக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை யாராவது படித்தால், புதுச் சோலிக்குப் போன பிள்ளை வீட்டில் இருந்தால், உனக்கு இது வருமா என்று கேட்காதீர்கள். இன்றைக்கு என்ன கெட்டது என்று கேளுங்கள். கெட்டதைச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் மறுநாள் போவதற்குக் கால் வரும். எனக்குப் பேச்சி இருந்தாள். உனக்கும் அவள்தான் இருந்திருக்கிறாள். நான் இல்லை.

நீ நாலு கெடுத்தாய் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொன்னால் கோபப்படாதே. செத்துப்போன பிள்ளையை எல்லோரும் குறையே இல்லாதவனாக ஆக்கிவிடுகிறோம். நானும் ஆக்கிவிட்டேன். அந்தச் சீனியின் இடத்தில் நான் உட்காரவே முடியாது. கை நடுங்கிய சீனியின் இடத்தில் உட்காரலாம், எனக்கும் நடுங்குகிறதே. இறங்கிப்போகவில்லை. ஜீப்பை அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது லோடுக்கும் பயம் இருந்தது. பயத்தைப் போக்கிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று இருந்தால் இந்த ஜென்மத்தில் அடுப்புப் பற்றவைத்திருக்க மாட்டேன். அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்குக் காயைக் கழுவி ஏற்றினேன். பலகையைத் திறந்து வைத்தேன். ஒரு கட்டை எரிந்து முடிகிற நேரத்துக்கு ஒரு தடவைதான் உள்ளே போவது என்று வைத்துக்கொண்டேன். போனால் சும்மா எட்டிப் பார்ப்பதில்லை, கதவைப் பின்னால் சாத்திவிட்டு, ஒரு தட்டில் கைவிட்டு ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவேன். முதல் இரண்டு லோடிலும் நான் மீட்டரைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், முதலாளி முகத்தைப் பார்த்தேன். காயைத் தொடவே இல்லை. செடியில் இருக்கும்போது பிஞ்சா முற்றலா என்று கண்ணால் பார்த்தா எடுக்கிறோம்? தலைக்குமேல் மழைக்காகிதத்தைப் போட்டுக்கொண்டு, பேச்சியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கை எடுக்கும். முற்றின காய் தொட்டதுமே சரத்தை விட்டுவிடும். அந்தக் கைதானே இது. நனைந்த காய் விரலில் வழுக்கியது. பிறகு வழுக்கல் போய் ரப்பர் மாதிரி அமுங்கியது. ஆவி குறைந்தது, பலகையை மூடினேன். மறுநாள் காலை உருட்டினபோது நுனியில் காய்ந்திருந்த பூ தானாக உதிர்ந்தது. காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். உள்ளே விதை ஆடியது. இன்னும் கொஞ்சம் வைக்கலாமோ என்று மனசு இழுத்தது. வைக்கவில்லை. தட்டை இறக்கிவிட்டேன்.

ரொம்ப நல்ல பச்சை என்று சொல்லமாட்டேன். உன் காய் மாதிரி இல்லை. ஓரத்துத் தட்டில் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆனால் காய், காயாக இருந்தது. முதலாளி வந்து ஒரு பிடி எடுத்தார், உருட்டினார், திரும்பத் தட்டிலேயே போட்டார். "அடுத்த காய் எடுப்பு திங்கக்கெழம. வெறகு நனையாமப் பாத்துக்கம்மா" என்றார். அவ்வளவுதான். பேச்சி வாசலில் நின்று, "என்ன சொன்னாரு?" என்றாள். வெறகப் பாத்துக்கணுமாம் என்றேன். "அப்ப இருக்கச் சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு மூட்டையை வாசலில் இறக்கி வைத்தாள். உள்ளே கொண்டு வாடி என்றேன். வரவில்லை. எனக்கு எதுக்குக்கா வம்பு என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது லோடு இறக்கிவிட்டேன். ஒன்று கெட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அதை உன் அய்யாவிடம் போனில் சொன்னேன். எத்தனை தட்டு என்று கேட்டார், சொன்னேன், சரி சாப்பிடு என்றார். இப்போதும் ஏற்றுகிற நேரத்துக்குப் பயம் வந்து நிற்கும். சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்டால் தெரியவில்லை. களைப்பாக இருக்கிறேன். சோலி இருக்கிற களைப்பு. வீட்டுக்குப் போனால் தூக்கம் வருகிறது.

எல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் சொல்லாமல் விடப் பார்த்தேன், முடியவில்லை. நீ ஸ்டோருக்கு வந்த மூன்றாவது வருஷம், கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம் உனக்குச் சோறு கொண்டுவந்தேன். கதவைத் திறந்த உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஸ்கூலில் முதல் பரிசு வாங்கி வந்த அன்றைக்குக்கூட அப்படி இல்லை. "உள்ள வா ஆத்தா, வெரசா வா, ஒண்ணு காட்டுறேன்" என்றாய். என் கையைக்கூடப் பிடித்தாய். நான் கையை உருவிக்கொண்டு, நான் வந்தா காய் கெட்டுரும்டா, ஜீப்பு வேற போயிரும், வாங்கிக்கடா என்று தூக்குவாளியை நீட்டினேன். அன்றைக்கு உன் காயைக் காப்பாற்றினதாகத்தான் நினைத்தேன். நீ ஒரு நொடி நின்றாய், பிறகு சிரித்து வாங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ என்னை உள்ளே கூப்பிடவே இல்லை. இப்போது தினமும் அங்கேதான் இருக்கிறேன். தட்டு, குழாய், கயிறு, மீட்டர், சுவரில் கரி படிந்த இடம், மேலே வெளிச்சம் விழுகிற ஓட்டை, எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டேன். எதுவாக இருக்கும் என்று பிடிபடவில்லை. அன்றைக்கு எனக்கு என்னத்தைக் காட்டக் கூப்பிட்டாய், சீனி?